சித்திரமும் கைப்பழக்கம்: தலைநகரில் ஒரு மாணவர் கலைக்கூடம்

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு முன்னிலை வகிக்க வந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, மயூர் விஹாரிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி வந்திருக்கும் பெரியவர்களே, பின்வரிசைக் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய மகளிர் அணிக்கும், காலையிலிருந்து நாற்காலி போட்ட தம்பிகளுக்கும் தனியாக நன்றி.

பல்கலைக்கழகக் கலைக்கூடங்களைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: வரலாறு, பயிற்சி, பணம். வரலாறு சுருக்கம்தான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் 1937இல் வந்தது. பரோடாவில் 1952லேயே அருங்காட்சியகவியல் துறை. ஹார்வர்டில் 1920களில் பால் சாக்ஸ் நடத்திய அருங்காட்சியகப் பயிற்சி வகுப்பில் படித்த ஆல்ஃபிரட் பார், 27 வயதில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆனார். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்!

சரி, பயிற்சிக்கு வருகிறேன். என் அண்ணன் மகள் இங்கே டெல்லியில் வரலாறு எம்.ஏ. படிக்கிறாள். போன வருஷம் கும்பகோணத்திலிருந்து வந்த எங்கள் அம்மாவை, சக்கர நாற்காலியில் வைத்து, ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவளுடைய தோழிகள் நான்கு பேரும் கூட வந்தார்கள். சோழர் வெண்கலங்களுக்கு முன்னால் பிள்ளைகள் நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்க, அம்மா முதலில் கைகூப்பினார், அப்புறம் குனிந்து பீடத்தைப் பார்த்தார். "ஏண்டி, தண்டு கோக்கற ஓட்டை இருக்கே, இவர் உற்சவர்டி!" என்றார். பிள்ளைகளின் பேனா நின்றுவிட்டது. மெழுகு வார்ப்பைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், சாமி வீதியுலா போன அடையாளம் பீடத்திலேயே இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அம்மா விடவில்லை. "மூக்கு தேஞ்சிருக்கு பாரு, எத்தனை அபிஷேகம் ஆச்சோ. பட்டும் மாலையும் சாத்திட்டா இந்த இடுப்பு வளைவெல்லாம் யாருக்குத் தெரியும்? முகம் மட்டுந்தானே தெரியும்!" பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம் என்னவென்று கேட்க, என் அண்ணன் மகள் இந்தியில் சொன்னாள். கால் மணி நேரத்தில் ஒரு வகுப்பே நடந்துவிட்டது.

அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அறுபது வருஷம் அந்த உற்சவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் அது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றால் வராது. கையுறை போட்டு ஒரு சிற்பத்தைத் திருப்பி முதுகைப் பார்க்க வேண்டும், எங்கே விரிசல் என்று நிலை அறிக்கை எழுத வேண்டும், தாள் ஓவியம் வெளிறாமல் இருக்க வைக்கிற 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) எவ்வளவு மங்கல் என்று அந்த அறையில் நின்றே உணர வேண்டும். சித்திரமும் கைப்பழக்கம்!

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கைபட்டுப் படிக்கிற ஒரு கலைக்கூடம் வேண்டும், அதில் சுவாமிமலை ஸ்தபதி ஒருவர் வருஷத்தில் ஒரு மாதமாவது உட்கார்ந்து, தென்னை ஓலையை மடித்துத் தாளம் என்கிற சிற்ப அளவை அளப்பதையும், மெழுகு உருவத்துக்கு மேல் காவிரி வண்டல் பூசுவதையும் சொல்லித்தர வேண்டும். பணத்தைப் பற்றி நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். துணைவேந்தருக்கான மனு வாசல் மேசையில், காபிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர்கள் பெயரோடு பாடத்தையும் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.