காதில் விழும் பிழை

வணக்கம் நேயர்களே. டெட்லிஃப்ட் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: இரு முனையிலும் 'பிளேட்' என்ற வட்ட எடைகளை மாட்டிய 'பார்' என்ற நீளக் கம்பியைத் தரையிலிருந்து, நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கித் திரும்ப வைப்பதுதான் டெட்லிஃப்ட். உடம்பைக் காட்டாமல் இதை எப்படிச் சொல்லித் தருவது? அப்புறம்தான் தோன்றியது, ஜிம்மில் பாதிப் பிழைகளை நான் காதால்தான் கண்டுபிடிக்கிறேன். எனக்குப் பின்னால் ஒருவர் பாரைத் தூக்குகிறார். தூக்கும் கணத்தில் 'டணார்' என்று ஒரு சத்தம். வெடுக்கென்று இழுத்திருக்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

பாருக்கும் பிளேட்டின் துளைக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. தளர்ந்த கையோடு திடீரென்று இழுத்தால் பார் துளையின் மேல்விளிம்பில் போய் இடிக்கும். அந்த அதிர்ச்சி கை வழியாக முதுகுக்கு இறங்கும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். கயிற்றின் தொய்வை வாங்கிய பிறகுதானே வாளியை இழுப்பார்கள்? அதேதான். மெல்ல இழுத்தால் சின்னதாக ஒரு 'டிக்' கேட்கும், கை விறைக்கும். அதற்கப்புறம் காலால் தரையை மிதித்துத் தள்ள வேண்டும்.

2016இல் இங்கிலாந்தின் எடி ஹால் டெட்லிஃப்டில் 500 கிலோ தூக்கினார். நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். நிரம்பிய கேஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ இருக்கும். அதை முதுகு பிடிக்காமல் நகர்த்தினால் போதும் என்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் வேண்டாம். சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரு பாத நீளம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்புறத்தால் சுவரைத் தொடுங்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அப்படி. தொடையின் பின்பக்கம் இழுக்கிறதா? சரி, அந்த அசைவுதான் வேண்டும். முழங்கால் முன்னால் போய் நாற்காலியில் உட்காருவதுபோல் ஆனால் அது ஸ்குவாட் என்ற வேறு பயிற்சி.

இனி முதுகு. ஒருவருக்கு முதுகு வளைந்தால் பயிற்சியாளர்கள் "முதுகு! முதுகு!" என்று கத்துவோம். நானும் பல வருடம் கத்தியிருக்கிறேன், ஒரு பலனும் இல்லை. முதுகில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் பார் கிளம்புவதற்கு முன்பே காலடியில் தொடங்கிவிடுகிறது. அதனால் இப்போது முதலில் பாதத்தைத்தான் பார்க்கிறேன். நின்றபடி குனிந்து பார்த்தால், பார் ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர்மேலே தெரிய வேண்டும். கீழ்க்கால் எலும்புக்கும் பாருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி போதும். நான்கு விரல் ஆனால் எடை உடம்பை விட்டு விலகுகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. கிளம்பிய பிறகு பார் விலகினால், இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு துண்டை இடுக்கிக்கொள்ளச் சொல்வேன். துண்டு விழாமல் தூக்கினால் பார் காலை ஒட்டியே வரும்.

இன்னொரு பிழைக்கு நாங்களேதான் காரணம். "இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு" என்று சொல்லிச் சொல்லி இடுப்பை மிகவும் தாழ்த்திவிடுகிறோம். தூக்கும்போது பார் தரையிலேயே கிடக்கும், இடுப்பு மட்டும் விருட்டென்று மேலே போகும். எந்த உயரத்துக்குப் போன பிறகு பார் கிளம்புகிறதோ, அங்கிருந்தே தொடங்கச் சொல்லிவிடுங்கள். பக்கவாட்டில் போனை வைத்து ஒரு வீடியோ எடுத்தால் அந்த உயரம் தெரிந்துவிடும்.

சில நேரம் ஆளிடம் குற்றமே இருக்காது. போட்டிக்கான பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். நம் ஊர் ஜிம்களில் பல இடங்களில் இருக்கும் பத்து கிலோ இரும்பு பிளேட் அதைவிடச் சிறியது, பாரும் தாழ்ந்து கிடக்கும். உயரமான ஆள் அதை எடுக்கப் போனால் வளையாமல் என்ன செய்வார்? பிளேட்டுகளுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை வையுங்கள்.

"இளவட்டக்கல் தூக்கினவங்க முதுகை வளைக்கலையா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். வளைத்தார்கள்தான். உருண்டைக் கல்லில் பிடி கிடையாது, கட்டிப்பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பாரில் பிடி இருக்கிறது, அந்த வசதியை ஏன் விடுவது? அப்புறம், லேசான வளைவைக் கண்டு நான் அலறுவதில்லை. தூக்கத் தூக்க அந்த வளைவு கூடிக்கொண்டே போனால்தான் எடையைக் குறைக்கச் சொல்வேன்.

என் இருபத்து மூன்றாம் வயதில் பக்கத்தில் நின்றவர் "இன்னொரு இருபது போடு" என்றார். போட்டேன். மூன்று வாரம் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. இடுப்பில் பெல்ட் இருந்தது, அதை முதுகுக்குப் போட்ட கட்டு என்று நினைத்திருந்தேன். மூச்சை வயிற்றிலும் விலாவிலும் நிரப்பி, அந்த பெல்ட்டை எதிர்த்துத் தள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் இப்படி மூச்சடக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மேலே வந்ததும் நிமிர்ந்து நின்றால் போதும், பின்னால் சாய வேண்டாம். இறக்கும்போது முதலில் இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள், பார் முழங்காலைத் தாண்டிய பிறகு முழங்காலை மடக்குங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பயிற்சி தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து முறை தூக்கும் ஒரு செட்டுக்கு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள், மற்றதை அடுத்த செட்டுக்கு வையுங்கள். ஏழு திருத்தங்களை ஒரே மூச்சில் கேட்ட ஒரு மாணவி, பாரைக் கீழே வைத்துவிட்டு, "சார், இதில் எதை நான் செய்யட்டும்?" என்றார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. நன்றி, வணக்கம்.