சாட்டனூகா: மலைக்குள் ஓர் அருவி, பாலத்தின் மேல் ஒரு கொலை

(காட்சி: டென்னசி ஆற்றின் வளைவு, உயரத்தில் இருந்து. பின்னால் லுக்கவுட் மலை.)

வணக்கம். அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சியன் மலைப்பகுதியில், டென்னசி ஆறு மலையை ஒட்டி வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது சாட்டனூகா. டென்னசி மாநிலத்தின் தெற்கு விளிம்பு; கொஞ்சம் தள்ளினால் ஜார்ஜியா வந்துவிடும். வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக மலைக்குத்தான் போகிறார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஆற்றங்கரைக்கு இறங்கி வர வேண்டும். அதற்காகத்தான் இந்த வீடியோ.

(காட்சி: மலைக்குள் இறங்கும் லிஃப்ட். பிறகு இருட்டில் விழும் அருவி.)

லுக்கவுட் மலைக்கு அடியில் ஒரு பழைய குகை உண்டு. 1900களின் தொடக்கத்தில் ரயில் சுரங்கப்பாதை போட்டபோது அதன் வாசல் அடைபட்டுவிட்டது. லியோ லாம்பர்ட் என்ற வேதியியலாளருக்குக் குகை என்றால் உயிர். மேலிருந்து மலையைத் துளைத்து லிஃப்ட் இறக்கி, அந்தக் குகையை மக்களுக்குக் காட்டுவது அவர் திட்டம். 1928 டிசம்பரில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, சுமார் 260 அடி ஆழத்தில், பாறை இடுக்கில் இருந்து குளிர்ந்த காற்று வீசியது. பார்த்தால் ஒரு பொந்து: உயரம் ஒன்றரை அடி, அகலம் நான்கு அடி. லாம்பர்ட் அதற்குள் படுத்து ஊர்ந்தே போனார். வெளியே வர 17 மணி நேரம் ஆனது. உள்ளே அவர் கண்டது 145 அடி உயரத்தில் இருந்து விழும் ஓர் அருவி. அடுத்த முறை மனைவி ரூபியையும் அழைத்துப் போனார். அருவிக்கு அவர் பெயரையே வைத்தார்: ரூபி ஃபால்ஸ். தேடிப் போனது ஒரு குகை. கிடைத்தது யாருமே அறியாத இன்னொன்று. இன்று டிக்கெட் வாங்கி அதே லிஃப்டில் இறங்கி, குனியாமலே நடந்து போய்ப் பார்க்கலாம்.

மலை உச்சிக்கு ஒரு சரிவு ரயில் இருக்கிறது. 1895இல் இருந்து ஓடுகிறது. செங்குத்தான பகுதியில் சரிவு 72.7 சதவீதம், அதாவது 100 அடி முன்னே போனால் ஏறக்குறைய 73 அடி மேலே ஏறுகிறது. இரண்டு பெட்டிகள் கம்பி வடத்தில் இணைந்திருக்கின்றன. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். நடுவழியில் ஒன்றை ஒன்று தாண்டும். மேலே கார்னெட் கார்ட்டர் என்பவர் 1920களில் நடத்திய மினி கோல்ஃப் மைதானம் நாடு முழுக்கப் பெரிய மோகமாகப் பரவியது. அப்புறம் அவரும் மனைவி ஃபிரீடாவும் 1932இல் ராக் சிட்டி என்ற பாறைத் தோட்டத்தைத் திறந்தார்கள். அதற்கான விளம்பரத்தைப் பல மாநிலங்களில் விவசாயிகளின் களஞ்சியக் கூரைகளில் எழுதினார்கள். கூரைக்கு இலவசமாகப் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள்; பதிலுக்கு விளம்பரம் அங்கே இருக்கும்.

(காட்சி: பழைய கோலா பாட்டில். பிறகு ஒரு மீட்பு வண்டி.)

சரி, மலையை விட்டு இறங்குவோம். 1899இல் இந்த ஊர் வழக்கறிஞர்கள் இருவர், பெஞ்சமின் தாமஸும் ஜோசப் வைட்ஹெட்டும், அட்லாண்டாவுக்குப் போய் கோக்க கோலா முதலாளி ஏசா கேண்ட்லரைப் பார்த்தார்கள். அதுவரை அந்தப் பானம் பெரும்பாலும் சோடாக் கடையில் கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தரும் சரக்கு. பாட்டில் வியாபாரத்தில் கேண்ட்லருக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் பெரும்பகுதிக்கான பாட்டில் உரிமையை வெறும் 1 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒப்பந்தத்தின் கீழ் முதல் பாட்டில் ஆலை வந்தது சாட்டனூகாவில்தான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கார்களை இழுத்துப் போகும் மீட்பு வண்டியின் கதை. 1916இல், தெரிந்தவர் ஒருவரின் கார் ஓடைக்குள் கவிழ்ந்துவிட்டது. எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற ஊர் மெக்கானிக், ஆட்களைச் சேர்த்துக் கயிறும் கப்பியும் வைத்து மணிக்கணக்கில் இழுத்துத்தான் அதை வெளியே எடுத்தார். இதை ஓர் இயந்திரம் செய்தால் என்ன என்று தோன்றியது. 1913ஆம் ஆண்டு காடிலாக் கார் ஒன்றில் மூன்று கம்பங்கள், ஒரு கப்பி, ஒரு சங்கிலி ஆகியவற்றைப் பொருத்தினார். கார் மீட்பு வண்டித் தொழில் அதிலிருந்து வளர்ந்ததுதான். அதற்கென்றே இங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சாலையில் அடுத்தவர் வண்டியை மீட்கும்போது அடிபட்டு இறந்த தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுச் சுவரும் உண்டு. அந்தச் சுவரைப் பார்க்காமல் போகாதீர்கள்.

(காட்சி: ஆற்றங்கரை. படிக்கட்டில் வழியும் தண்ணீர்.)

இப்போது ஆற்றங்கரை. ஊருக்கு முதலில் ராஸ் துறை என்று பெயர். செரோக்கி மக்களின் தலைவர் ஜான் ராஸ் இங்கே படகுத்துறையும் கடையும் வைத்திருந்தார். 1838 ஜூனில் அமெரிக்க ராணுவம் செரோக்கி மக்களை இதே துறையில் படகுகளில் ஏற்றி மேற்கே துரத்தியது. மண்ணை விட்டு விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். அவர்களில் சுமார் 4,000 பேர் முகாம்களிலும் வழியிலும் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ராஸின் மனைவி குவாட்டியும் வழியிலேயே இறந்தார். அதே ஆண்டில்தான் ஊரின் பெயர் சாட்டனூகா என்று மாறியது.

இன்று அந்த இடத்தில் 'தி பாசேஜ்' என்ற நினைவிடம் இருக்கிறது. செரோக்கி கலைஞர்கள் வடிவமைத்தது. சுவரில் ஆறடி அகலத்தில் ஏழு பீங்கான் வட்டுகள், அவர்கள் வரலாற்றைச் சொல்பவை. பக்கத்தில் படிக்கட்டு வழியாக ஆற்றை நோக்கித் தண்ணீர் இறங்குகிறது. அது கண்ணீரின் அடையாளம். கோடையில் குழந்தைகள் அதில் காலை நனைத்து விளையாடுவார்கள். விளையாடட்டும். கூட வரும் பெரியவர்கள் அந்த வட்டுகளையும் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

(காட்சி: வால்நட் தெரு பாலம், நீல இரும்புச் சட்டங்கள்.)

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வால்நட் தெரு பாலம். 1891இல் திறந்தது, நீளம் 2,376 அடி. 1978இல் வண்டிகளுக்கு மூடப்பட்டு, 1993இல் நடைபாலமாக மீண்டும் திறந்தது. ஊரின் பெருமை என்று எல்லா விளம்பரத்திலும் இந்தப் படம்தான் இருக்கும்.

ஆனால் இந்தப் பாலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1906இல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை ஒரு பாலியல் வன்முறை வழக்கில் பிடித்தார்கள். சம்பவ நேரத்தில் அவர் வேறு இடத்தில் இருந்தார் என்று பலர் சாட்சி சொன்னார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, தண்டனை மரணம். நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரண்டு கறுப்பின வழக்கறிஞர்கள் வழக்கைக் கையில் எடுத்தார்கள். பார்டன் வாஷிங்டனுக்கே போய் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லனிடம் நேரில் வாதாடினார். தண்டனையை நிறுத்தி வைக்க உத்தரவும் வாங்கினார்.

உத்தரவு வந்த மார்ச் 19ஆம் தேதி இரவே ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்தது. தடுக்க அங்கே காவல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஜான்சனை இந்தப் பாலத்துக்கு இழுத்து வந்து தூக்கில் போட்டு, சுட்டும் கொன்றார்கள். "கடவுள் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிக்கட்டும், நான் நிரபராதி" என்பது அவர் கடைசி வார்த்தை. அவர் கல்லறைக் கல்லிலும் அதுவே பொறித்திருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இதை விடவில்லை. தன் உத்தரவை அவமதித்ததாக, சிறைக்குப் பொறுப்பான காவல் அதிகாரி ஷெரிஃப் ஜோசப் ஷிப் மீதும் வேறு சிலர் மீதும் தானே வழக்கு நடத்தியது. அந்த நீதிமன்ற வரலாற்றில் இப்படி நடந்த குற்றவியல் விசாரணை இது ஒன்றுதான். 1909இல் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஷிப்புக்குக் கிடைத்தது 90 நாள் சிறை. விடுதலையாகி வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. பார்டனும் ஹட்சின்ஸும் ஊரைவிட்டே போக வேண்டியிருந்தது. ஜான்சன் மீதான தீர்ப்பை ஒரு நீதிபதி ரத்து செய்ய 2000ஆம் ஆண்டு வரை ஆனது.

(காட்சி: பாலத்தின் தென்முனை. மூன்று வெண்கலச் சிலைகள்.)

2021 செப்டம்பரில் பாலத்தின் தென்முனையில் நினைவிடம் திறந்தார்கள். சிற்பி ஜெரோம் மெடோஸ். ஜான்சன் தூக்குக் கயிற்றுக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறார். இரண்டு வழக்கறிஞர்களும் உடன் நிற்கிறார்கள். அவர்களையும் சேர்த்து வடித்தது எவ்வளவு சரியான முடிவு! உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே வாதாடியவர்கள் அவர்கள்.

சாட்டனூகாவில் ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், காலையில் இந்த நினைவிடத்துக்கு வந்துவிடுங்கள். அப்படியே கரையோரம் நடந்து பாசேஜுக்குப் போங்கள். மதியத்துக்கு மேல் அருவி, சரிவு ரயில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.