சட்டமன்றத்துக்கு முன்னால் அவர் யார்? தேவிகுளத்திலிருந்து ஒரு விளக்கம்

[திரையில்: மூணாறில் ஒரு மதில். ஒரே வேட்பாளரின் பெயர் மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது.]

வணக்கம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் கேரளத்து மலைப்பகுதியான மூணாறு, தேவிகுளம், மறையூர் பகுதிகளில் சுவர் எழுதுபவர்கள் இரண்டு மொழிகளில் எழுதுகிறார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், வாழ்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள் என்பதால், தமிழில் எழுதாமல் இங்கே எந்தக் கட்சியும் வாக்குக் கேட்க முடியாது. ஆனால் வேட்பாளரின் பெயரும் சின்னமும் தெரிவதோடு சுவரின் வேலை முடிந்துவிடுகிறது. அவர் இதற்கு முன் என்ன தொழில் செய்தார், எந்தப் பொறுப்பில் இருந்தார், எந்தப் படிகளில் ஏறி இந்த இடத்துக்கு வந்தார் என்பதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் படிகளைப் பற்றித்தான் இந்த வீடியோவில் பேசப் போகிறோம்.

முதலில் 1957-க்குப் போவோம். மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மறு ஆண்டு நடந்த கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்திலிருந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் வெற்றி பெற்றவர் ரோசம்மா புன்னூஸ். காஞ்ஞிரப்பள்ளியில் பிறந்தவர், சட்டம் படித்தவர், விடுதலைப் போராட்ட வீராங்கனை அக்காம்மா செரியானின் தங்கை, அந்தப் போராட்டத்துக்காகத் தாமும் சிறையில் இருந்தவர். புதிய சட்டமன்றத்தில் முதன்முதலாக உறுப்பினர் உறுதிமொழி எடுத்தவரும், தற்காலிக சபாநாயகராக இருந்து மற்றவர்களுக்கு உறுதிமொழி செய்து வைத்தவரும் அவரே.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. ஒரு வேட்பாளரின் வேட்புமனு தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டது என்ற காரணத்தால் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. 1958-ல் நடந்த இடைத்தேர்தலுக்காக மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் வந்து, இடதுசாரி மேடைகளில் தமிழில் பாடினார். இளையராஜாவின் அண்ணன் என்று இன்றைய தலைமுறைக்குச் சொன்னால் எளிதில் விளங்கும். ரோசம்மா மீண்டும் வென்றார். கேரளத்து அரசியல்வாதி ஒருவர் வெல்வதற்குத் தேனிப் பக்கத்துப் பாட்டுக்காரர் ஒருவர் தேவைப்பட்டார் என்பதே இந்தத் தொகுதியின் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

[திரையில்: அதிகாலை. கொழுந்துக் கூடையும் தலையில் கட்டிய துணியுமாகப் பெண்கள் மலைச்சரிவில் இறங்குகிறார்கள்.]

ரோசம்மா வெளியிலிருந்து வந்த தலைவர். பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1991, 1996, 2001 ஆகிய மூன்று தேர்தல்களில் காங்கிரசின் ஏ.கே. மணியும், 2006, 2011, 2016 ஆகிய மூன்று தேர்தல்களில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரனும் வென்றார்கள். கொடியின் நிறம் வேறாக இருந்தாலும் இருவரும் தோட்டத் தொழிற்சங்கத்தின் வழியே உயர்ந்தவர்கள். இதை நான் தற்செயல் என்று கருதவில்லை. தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்குப் பஞ்சப்படியில் குறை வந்தாலும், ஓய்வு பெற்றவருக்குப் பணிக்கொடை தாமதமானாலும், லயத்தின் கூரை ஒழுகினாலும், முதலில் போய் நிற்கும் இடம் சங்க அலுவலகம். நிர்வாகத்தோடு பேசுபவரும், தொழில் தகராறை தொழில் துறை அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோகிறவரும், திரும்பி வந்து தமிழில் விளக்கிச் சொல்பவரும் சங்கத் தலைவர்தான். இருபது ஆண்டுகள் இப்படிப் பேசிப் பழகியவருக்குச் சட்டமன்றம் என்பது அதே வேலையின் பெரிய வடிவம்.

2021-ல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா ஒரு வழக்கறிஞர். காங்கிரசின் டி. குமாரை 7,848 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அவருடைய கதையில் நிதானமாகக் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன.

முதலாவது, உறுதிமொழி. அவர் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வகுத்துள்ள வாசகத்தில் ‘கடவுளின் பெயரால்’ என்றோ, ‘உளமார’ என்றோ இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அவர் வாசித்த தமிழ் வாசகத்தில் இரண்டுமே இல்லை. ஆகவே 2021 ஜூன் 2 அன்று அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. முறையான உறுதிமொழி இல்லாமல் அவையில் அமர்ந்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் தண்டம் என்று 193-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு சொல் விடுபட்டதில் இத்தனை விளைவு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே, இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று உரிமை கொடுத்துவிட்டது. அதற்கு 52 ஆண்டுகள் கழித்தும் ஓர் உறுதிமொழியைப் பிழையில்லாத தமிழில் ஆயத்தமாக வைத்திருக்க முடியவில்லை என்பது என்னை உண்மையிலேயே வருத்துகிறது.

இரண்டாவது, வழக்கு. தேவிகுளம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தின் தனித் தொகுதியில் நிற்பவர் அந்த மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதியைச் சேர்ந்தவராகவும், அந்த மாநிலத்தில் ஏதேனும் ஒரு தொகுதியின் வாக்காளராகவும் இருக்க வேண்டும். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. அதன் அடிப்படை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. தாத்தா, பாட்டி காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த ஒரு குடும்பம், அந்த ஆணைக்கு முன்பே இங்கே குடியேறிவிட்டதா என்பதைத் தாள்களைக் காட்டி நிரூபிக்க வேண்டிய நிலை இதனால்தான் வருகிறது. ராஜாவின் வழக்கில் மதம் பற்றிய கேள்வியும் சேர்ந்துகொண்டது; அந்த ஆணைப்படி கிறித்தவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. அவர் கிறித்தவர் என்பதைக் காட்ட தேவாலயப் பதிவேடுகளும் திருமணப் புகைப்படங்களும் சாட்சியமாக முன்வைக்கப்பட்டன. 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவருடைய வெற்றியை உறுதி செய்தது.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பின்னணி என்று நாம் பேசும்போது படிப்பையும் பதவிகளையுமே நினைக்கிறோம். எல்லை மலைகளில் அது பாட்டி எந்த ஆண்டில் தோட்டத்துப் பேரேட்டில் பெயர் கொடுத்தாள் என்பது வரைக்கும் பின்னோக்கிப் போகிறது.

[திரையில்: படிவம் 26. பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன.]

சரி, ஒருவருடைய பின்னணியை நாமே அறிந்துகொள்வது எப்படி? வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்கிறார். வாக்காளருக்கு இதை அறியும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்து, 2003-ல் மீண்டும் உறுதிப்படுத்தியது. நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், தண்டனைகள், தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சார்ந்திருப்பவர்களுக்கும் உள்ள அசையும், அசையாச் சொத்துகள், கடன்கள், வருமான வரிக் கணக்கில் காட்டிய வருவாய், தொழில், கல்வி எல்லாம் அதில் இருக்கும். ஒரு கட்டத்தைக்கூட வெறுமனே விடக் கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் இதைத் தரவிறக்கலாம்.

படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது தொழில் என்ற கட்டத்தை. ‘பொதுச் சேவை’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதற்குப் பக்கத்தில் வருவாய் எங்கிருந்து வருகிறது என்று என்ன எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். அடுத்து, அதே நபர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாக்கல் செய்த பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். நிலத்தின் பரப்பும், கடனும், வழக்குகளின் எண்ணிக்கையும் எப்படி மாறியிருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். தனியாகப் படித்தால் ஒரு பத்திரம் அதிகம் பேசாது. கல்வித் தகுதிக்கு நான் பெரிய இடம் கொடுப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினராக 25 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 173-ஆம் பிரிவு கேட்கிறதே தவிர, பட்டம் எதையும் கேட்கவில்லை.

மற்ற எல்லைப் பகுதிகளில் படிகள் வேறு மாதிரி அமைந்திருக்கின்றன. பாலக்காட்டுச் சித்தூரில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழ் புழங்கும் ஊர்கள் நிறைய உண்டு. அங்கே அரசியல் தண்ணீரைச் சுற்றி நடக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு, அதாவது ஆற்றுக்கு, வர வேண்டும். விவசாயியான கே. கிருஷ்ணன்குட்டி இந்தத் தண்ணீர்க் கணக்கைப் பேசிப் பேசியே உயர்ந்தவர். 1980-ல் முதன்முதலாகச் சித்தூரில் வென்றவர், 2018-ல் நீர்வளத் துறை அமைச்சராகவும் 2021-ல் மின்துறை அமைச்சராகவும் ஆனார்.

ஆந்திர எல்லையில், தமிழ்நாட்டை ஒட்டிய குப்பத்திலிருந்து 1989 முதல் 2024 வரை தொடர்ந்து எட்டுத் தேர்தல்களில் வென்றவர் சந்திரபாபு நாயுடு. திருப்பதிப் பல்கலைக்கழக மாணவர் அரசியலில் தொடங்கி, 1978-ல் சந்திரகிரியில் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினரானவர். அதே எல்லையில், தமிழ்த் திரையில் பெயர் பெற்ற ரோஜா 2004-ல் நகரியிலும் 2009-ல் சந்திரகிரியிலும் தெலுங்கு தேசத்தின் சார்பில் நின்று தோற்று, கட்சி மாறிய பின் 2014-ல் நகரியில் 858 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்; 2022-ல் அமைச்சரானார், 2024-ல் தோற்றார். திரைப்புகழ் கதவைத் திறந்துவிடும் என்று எளிதாகச் சொல்கிறோம்; அவருக்கு அந்தக் கதவு திறக்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

[திரையில்: மூணாறு, 2015 செப்டம்பர். சாலையில் அமர்ந்திருக்கும் பெண்கள்.]

மீண்டும் மூணாறுக்கு வருவோம். 2015 செப்டம்பரில் தோட்டப் பெண்கள் 20 சதவீதப் போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் ‘பொம்பிளை ஒருமை’ என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். அன்று அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். நிர்வாகத்தின் மீது இருந்த கோபம் சங்கங்களின் மீதும் இருந்தது. சங்கத் தலைவர்களைப் போராட்டத்துக்குள் அவர்கள் விடவில்லை. ஒன்பது நாளில் கோரிக்கை வென்றது. முன்னின்ற கோமதி அதே ஆண்டில் பிளாக் பஞ்சாயத்து (ஊராட்சி ஒன்றிய) தேர்தலில் நின்று வென்றார். சங்க அலுவலகத்தின் நாற்காலி வழியாகப் போகாமல் ஒரு தோட்டத் தொழிலாளி மேலே வந்தது அப்போதுதான் பலர் கண்ணில் பட்டது.

கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். சங்கத்தின் மேசைக்குப் பின்னால் நெடுங்காலம் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். சட்டமன்றத்துக்கான படி அந்த மேசையிலிருந்துதான் தொடங்கியது. 1958-ல் ரோசம்மா புன்னூஸ் வென்ற பிறகு, 2021 வரை நடந்த எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் தேவிகுளத்தில் ஒரு பெண் வெல்லவில்லை.