சிபில்ல விழுந்த கறை எத்தனை வருஷம் இருக்கும்?

வணக்கம் நேயர்களே. பேங்க் லோன் செக்ஷன்ல ரொம்ப காலம் வேலை பார்த்தவன் நான், அதனால பார்க்கிறவங்க எல்லாம் என்கிட்ட கேக்குறது, "சார், சிபில் கெட்டுப்போச்சு, எத்தனை வருஷத்துல தானா சரியாகும்?" யாராவது ஏழு வருஷம்னு சொல்லி வச்சிருப்பாங்க, இவங்களும் காலண்டரப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாம கடன் கட்டின, கட்டாத கணக்க எழுதி வைக்கிற சிபில் மாதிரி கிரெடிட் கம்பெனிங்க, அந்தத் தகவல குறைஞ்சது ஏழு வருஷம் வச்சிருக்கணும்ங்கிறதுதான் விதி. ஏழு வருஷம் ஆச்சுன்னா கடன் போயிடும்னு நினைச்சுடாதீங்க.

சிபில் ரிப்போர்ட்ட திறந்தீங்கன்னா ஒவ்வொரு லோனுக்குக் கீழயும் மாசத்துக்கு ஒரு கட்டம் இருக்கும், 36 மாசம் வரைக்கும். டியூ கரெக்டா கட்டியிருந்தா 000, லேட்டாச்சுன்னா எத்தனை நாள்னு நம்பர் ஏறும், 90 நாள் தாண்டிட்டா வாராக்கடன் கணக்குக்குப் போயிடும். எப்பவோ ஒரு இஎம்ஐ பவுன்ஸ் ஆச்சு, அப்புறம் ஒழுங்கா கட்டுறீங்கன்னா புது மாசம் சேரச் சேர பழசு அந்தக் கட்டத்த விட்டுப் போயிடும், அதுக்கு பயப்படாதீங்க.

எனக்கு வயித்தெரிச்சலே இந்த "செட்டில்டு" தாங்க. கிரெடிட் கார்டுல எண்பதாயிரம் பாக்கின்னு வைங்க, கலெக்ஷன் ஆள் போன் பண்ணி முப்பத்தஞ்சு கட்டுங்க முடிச்சுடலாம்பாரு, நம்மாளும் நகைய வச்சு கட்டிட்டு நிம்மதியா தூங்குவாரு, நாலு வருஷம் கழிச்சு வீட்டு லோனுக்குப் போனா மேனேஜர் ரிப்போர்ட்ட திருப்பிக் காட்டுவாரு, "க்ளோஸ்டு"னு இருக்க வேண்டிய இடத்துல "செட்டில்டு"னு இருக்கும். மீதிய பேங்க் விட்டுக்கொடுத்துச்சு, இவர் முழுசா கட்டலன்னு அர்த்தம். முடிஞ்சா மீதிய பேசிக் கட்டி, பாக்கி இல்லைங்கிற நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்கி, ரிப்போர்ட்ல ஸ்டேட்டஸ மாத்தச் சொல்லி எழுத்துல கேளுங்க. வாய்ல சொல்றத நம்பாதீங்க.

தப்பா ஏறின என்ட்ரின்னா ஒரு நாள்கூட காத்திருக்க வேண்டாம். பேங்க்லயோ கிரெடிட் கம்பெனிலயோ புகார் குடுங்க, 30 நாளுக்குள்ள முடிக்கணும், முடிக்கலன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா உங்களுக்கு நஷ்டஈடுன்னு ரிசர்வ் பேங்க் உத்தரவே இருக்கு. அப்பவும் அசையலன்னா புகார விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், அதுக்கு காசு இல்ல. அஞ்சாயிரம் குடுங்க, சிபில க்ளீன் பண்ணித் தரேன்னு வர்ற ஏஜென்ட்டுக்கு மட்டும் தயவுசெஞ்சு குடுக்காதீங்க, உண்மையான பாக்கிய அவரால அழிக்க முடியாது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு கம்பெனி இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்ட நாலுலயும் இலவசமா எடுக்கலாம். மச்சான் லோனுக்கு, பிரெண்டு லோனுக்குன்னு ஜாமீன் கையெழுத்து போட்டவங்க முதல்ல எடுத்துப் பாருங்க, அவங்க கட்டாம விட்டது உங்க ரிப்போர்ட்லயும் ஏறியிருக்கும்.

நன்றி, வணக்கம்.