கருணை மட்டும் போதாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

1893 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் இலினாய் மாநில ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு, ஹேமார்க்கெட் வழக்கில் சிறையில் இருந்த மூன்று பேரை விடுதலை செய்தார். அந்த ஆணையில் நீதிபதியையும் விசாரணையையும் அவர் கண்டித்து எழுதியது சரியா, தவறா என்பதுதான் இன்றைய கேள்வி. "விடுவித்தது நல்ல காரியம்தான். தண்டனை அனுபவித்தது போதும் என்று நாலு வரி எழுதியிருந்தால் அவருடைய அரசியல் வாழ்வு பிழைத்திருக்குமே" என்றார் எதிரணித் தோழி. அந்த நாலு வரிதான் அநியாயமாக இருந்திருக்கும் என்கிறேன் நான்.

வழக்கைப் பாருங்கள். 1886 மே மாதம், எட்டு மணி நேர வேலை கேட்டுச் சிகாகோவில் போராட்டம். மே 4 இரவு ஹேமார்க்கெட் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வந்தபோது யாரோ குண்டு வீசினார்கள். வீசியவர் யார் என்று கடைசிவரை நிரூபிக்கவே இல்லை. ஆனாலும் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த எட்டுப் பேருக்குத் தண்டனை! நாலு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் சிறையிலேயே இறந்தார். ஆஸ்கர் நீபி அன்றிரவு அந்தப் பக்கமே போகவில்லை. அவருக்கும் 15 ஆண்டு.

குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு ஆட்களைக் குலுக்கிப் போட்டா எடுத்தார்கள்? ஒரு சிறப்பு அலுவலர் தானே பார்த்துக் கூட்டி வந்தார். குண்டுவீச்சில் இறந்த காவலர் ஒருவரின் உறவினரைக்கூடத் தகுதியற்றவர் என்று ஒதுக்க நீதிபதி ஜோசப் கேரி மறுத்தார்.

கேரி மேல் ஆல்ட்கெல்டுக்குச் சொந்தப் பகை என்று அன்றைக்கே பேசினார்கள். தோழியும் அதைத் தொட்டார். சரி, பகை என்றே வைத்துக்கொள்வோம். அவர் காட்டியவை விசாரணைப் பதிவில் இருந்த விவரங்கள். பகை இருந்தால் அந்தப் பதிவு மாறிவிடுமா?

ஆல்ட்கெல்டும் வக்கீல், அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அவர் ஆணையில் சொன்னது என்ன? விசாரணை நியாயமாக நடந்திருந்தால், இவர்கள் குற்றவாளிகளாக இருந்தால், ஆளுநர் தலையிடவே கூடாது என்றார். எவ்வளவு நேர்மையான நிலை! பரிதாபப்பட்டு விடுவிப்பது, "நீ குற்றவாளிதான், பிழைத்துப் போ" என்று சொல்வதுதானே?

அரசியல் வாழ்வு போயிற்றாம். 1896 ஆளுநர் தேர்தலில் தோற்றார், உண்மை. ஆனால் அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் மெக்கின்லி இலினாயையே வென்றெடுத்தார். 1894இல் புல்மன் ரயில்பெட்டி நிறுவனத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, மாநிலத்தைக் கேட்காமல் மத்தியப் படையை அனுப்பிய தன் கட்சி ஜனாதிபதி கிளீவ்லேண்டையே எதிர்த்தவர் இவர். அப்படிப்பட்டவரின் தோல்விக்கு இந்த ஒரே ஆணையைக் காரணமாக்க முடியாது. ஆணைக்குப் பிறகும் அவர் முடங்கிவிடவில்லை. சிறுவர்களைத் தொழிற்சாலைகளிலிருந்து மீட்கும் சட்டத்தை அமல்படுத்த ஃபுளோரன்ஸ் கெல்லியைத் தலைமை ஆய்வாளராக நியமித்து, அவருக்குத் துணையாக நின்றார்.

நடுவர் அவர்களே, விடுதலையான ஃபீல்டனும் ஷ்வாபும் நீபியும் கதவு திறந்தால் போதும் என்று வெளியே வந்திருப்பார்கள். தூக்கில் போன நாலு பேரை எந்தக் கருணையாலும் விடுவிக்க முடியாது. அவர்களுக்காக ஓர் ஆளுநரால் செய்ய முடிந்தது, நடந்தது அநியாயம் என்று அரசு ஆவணத்தில் காரணத்தோடு எழுதி வைப்பது ஒன்றுதான். எதிரணி அழிக்கச் சொல்வது அந்தப் பக்கங்களைத்தான்.