ரப்பர் ரோலரின் கைப்பிடி: கடைவதற்கு முன் பிடிமானம்

வணக்கம். குலசேகரம், அருமனை வட்டாரத்தில் ரப்பர் வெட்டும் வீடுகளில், உறைந்த ரப்பர் பாலை அழுத்தி ஷீட் அடிக்கும் கை ரோலர் இருக்கும். எங்கள் ரோலரின் கைப்பிடி உடைந்தபோது, மாற்றுக் கைப்பிடி ஒன்றை வீட்டுப் பட்டறையின் சிறிய லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்தேன். கடையும் வேலையைவிட, கடைந்து முடியும்வரை அதை அசையாமல் பிடித்து வைப்பதே பெரிய வேலையாக இருந்தது.

பித்தளை அழகாக இருக்கும். ஆனால் அதிலுள்ள செம்பு இயற்கை ரப்பரை விரைவில் கெடுத்துவிடும் என்பதால், பால் ஒட்டிய கைகள் தொடும் இடத்தில் அதை நான் வைப்பதில்லை. 30 மி.மீ. அலுமினியக் கம்பியை எடுத்துக்கொண்டேன்.

(திரையில்: நடு பருத்து, இரு முனையும் ஒடுங்கிய கைப்பிடி, நீளம் 95 மி.மீ., நடுவே 12 மி.மீ. துளை.)

இந்த வடிவம்தான் சிக்கல். ஒரே பிடியில் முழுவதையும் கடைய நினைத்தால் கம்பி சக்கிலிருந்து (துண்டைக் கவ்விச் சுழற்றும் பகுதியிலிருந்து) விட்டத்தின் மூன்று மடங்குக்கும் மேல் வெளியே நீண்டு, நுனி வெட்டும் டூலுக்கு விலகி அதிரும். பாதியைக் கடைந்து திருப்பிப் பிடித்தாலோ, சரிவான பரப்பில் சக்கின் ஜாக்கள் (கவ்வும் தாடைகள்) ஒரு கோட்டில் மட்டுமே பட்டு நிற்கும். என் முதல் துண்டு அப்படித்தான் வழுக்கி வெளியே வந்து வீணாயிற்று.

ஆகவே வரிசையை மாற்றினேன். முதலில் துளையிட்டு, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமரால் 12 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். ட்ரில் சற்றே சாய்ந்து போயிருந்தாலும், வெளிப்புறம் பின்னர் அந்தத் துளையை மையமாகக் கொண்டே கடையப்படும். அடுத்து 20 மி.மீ. இரும்புக் கம்பியை மூன்று ஜா சக்கில் பிடித்து, துளைக்குள் இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கடைந்து, முனையில் மரையிட்டு, சென்டர் துளையும் போட்டேன். துண்டைத் தாங்கும் இந்தக் கம்பியை, அதாவது மேண்ட்ரலை, வேலை முடியும்வரை சக்கிலிருந்து கழற்றவே கூடாது. சக்கின் மையம் 0.1 மி.மீ. விலகியிருந்தாலும், அதே பிடியில் கடைந்த பரப்பு அச்சோடு ஒன்றியே சுழலும். கழற்றி மாட்டினால் அந்த ஆதாயம் போய்விடும்.

அலுமினியத்தை மேண்ட்ரலில் செருகி, வாஷரும் நட்டும் இறுக்கி, லேத்தின் மறுமுனையிலுள்ள டெயில் ஸ்டாக்கின் சுழலும் சென்டரை (கூர்முனைத் தாங்கியை) முனையில் அண்டக் கொடுத்தேன். இங்கே பிடிமானம் உராய்வு மட்டுமே என்பதால் 0.3 மி.மீ.க்கு மேல் கட் கொடுக்கவில்லை. வாஷரிலும் அலுமினியத்திலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தேன். லேத்தை நிறுத்திப் பார்க்கும்போது கோடு இரண்டாக உடைந்திருந்தால் துண்டு வழுக்கியிருக்கிறது என்று பொருள்.

(திரையில்: ட்ரில்லிங் மெஷின் வைஸில் (பிடிப்புக் கருவியில்), ரோலரைச் சுற்றும் வார்ப்பிரும்புக் கை.)

கடைசியாக, பழைய ஆணி முறிந்து உள்ளே நின்ற வார்ப்பிரும்புக் கை. வார்ப்பின் பக்கங்கள் இயல்பாகவே சரிந்திருப்பதால் வைஸ் இறுக இறுக அது மேலே எழும்பும். ஒரு பக்கத்தை அரத்தால் சமமாக்கி, அதை அசையாத ஜாவில் சாய்த்து, அசையும் ஜாவுக்கும் வார்ப்புக்கும் நடுவே ஓர் உருண்டைக் கம்பித் துண்டைப் படுக்க வைத்தேன். இறுக்கியபின் அடியில் கொடுத்திருந்த பட்டைகளை விரலால் இழுத்துப் பார்த்தேன். இரண்டும் நகரவில்லை, அதன் பிறகே ட்ரில்லை இறக்கினேன்.