வந்தது, அனுப்பினேன்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், நாளைக்கு ஆற்றுத் திருவிழாவை வைத்துக்கொண்டு இந்த இரவு நேரத்திலும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

"சமூக ஊடகங்களால் நாம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா?" இதுதான் தலைப்பு. இழந்ததே அதிகம் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணன், புதுச்சேரியின் மீனவக் கிராமமான நல்லவாட்டில் தொடங்கினார். நானும் அங்கேயே தொடங்குகிறேன். நல்லவாடு எங்கள் அணியில் இருக்க வேண்டிய ஊர்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுப் பிள்ளை ஒருவர், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஊரில் இருந்தவர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியைப் போட்டு, ஊரையே வெளியேறச் சொன்னார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த மீனவக் கிராமம் அது. வீடுகள் போயின, படகுகள் போயின, ஓர் உயிர் போகவில்லை. அதே காலையில் நம் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கடலுக்குக் கொடுத்தோம். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருப்பவர்களிடம் அதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

"வேகம்தான் காப்பாற்றியது, அந்த வேகத்தை இன்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தது சமூக ஊடகம்" என்றார் அண்ணன். வேகம் மட்டுமா காப்பாற்றியது? சிங்கப்பூரிலிருந்து பேசியவர் அந்த வீட்டுப் பிள்ளை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டவர் அந்த ஊர்க்காரர். சின்னக் கிராமம், குரலைக் கேட்டாலே இன்னார் மகன் என்று தெரிந்துவிடும். பொய் சொல்லியிருந்தால் மறுநாள் அதே தெருவில் அதே மக்கள் முகத்தில் அவர் விழித்தாக வேண்டும். அதனால்தான் ஊர் நம்பி ஓடியது.

அந்த மையம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய திட்டம் அது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கட்டுமரத்தை இறக்கலாமா வேண்டாமா என்று மீனவர்கள் முடிவு செய்தார்கள். ஃபேஸ்புக் பிறக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்த காலம். சமூகம் தன் கையில் வைத்திருந்த ஊடகம் அது. சமூக ஊடகம் என்ற பெயர் பொருந்துவது அதற்குத்தான் என்பேன்.

இன்று அந்தப் பெயரில் நாம் அழைப்பதன் பிறப்பு வேறு. 1997-ல் அமெரிக்காவில் சிக்ஸ் டிகிரீஸ் என்ற தளம் வந்தது. 2004 ஜனவரியில் ஆர்குட், பிப்ரவரியில் ஃபேஸ்புக், 2005-ல் யூடியூப், 2006-ல் ட்விட்டர், 2009-ல் வாட்ஸ்அப். தொலைந்த நண்பனைத் தேடிப் பிடிக்கத்தான் நம்மில் பலர் உள்ளே போனோம். அந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. கல்லூரித் தோழியை இருபது ஆண்டுகள் கழித்து எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அதுதான்.

ஐயா, இப்போது என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் முதல் வாரம். கடலூரே தண்ணீரில் கிடந்தது. எங்கள் தெரு கெடிலம் ஆற்றின் கரையை ஒட்டியது. இரவு பத்தரை மணி, மின்சாரம் இல்லை. கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. ஓர் ஆண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறது: "ஏரி உடைந்துவிட்டது, கெடிலத்தில் தண்ணீர் வருகிறது, எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள், இதை எல்லோருக்கும் அனுப்புங்கள்." பக்கத்து வீட்டிலும் அதே குரல் கேட்கிறது. எதிர் வீட்டிலும் அதே குரல். தெரு முழுக்க ஒரே ஆள் நின்று கத்துவது போல இருந்தது. ஓடினோம். என் மாமியாருக்கு அப்போது 71 வயது. வாசற்படியில் பாசி, இருட்டு. விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

தண்ணீர் வரவில்லை. எந்த ஏரியும் உடையவில்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபின், அந்தக் குரல் யாருடையது என்று நான் தேடினேன். எனக்கு அனுப்பியவர் பால்காரர். அவரிடம் கேட்டேன். "மைத்துனன் அனுப்பினான் அம்மா" என்றார். மைத்துனரைக் கேட்டேன். வேலை செய்யும் இடத்துக் குழுவில் வந்ததாம். அந்தக் குழுவில் போட்டவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்னது இரண்டே சொற்கள்: "வந்தது, அனுப்பினேன்." அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அனுப்பிய பால்காரர் அந்த மழையிலும் ஒரு நாள்கூடப் பால் நிறுத்தாதவர். நாலு பேர் பிழைக்கட்டும் என்றுதான் எல்லோரும் அனுப்பினார்கள். பேசியவன் மட்டும் கிடைக்கவே இல்லை.

நல்லவாடு ஓடியது, எங்கள் தெருவும் ஓடியது. வேகம் இரண்டிலும் ஒன்றுதான். அங்கே சொல்லுக்கு ஆள் இருந்தார். இங்கே இல்லை. நாம் இழந்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், ஐயா. சொன்னவரைக் கேட்கும் உரிமையை இழந்திருக்கிறோம்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று எதிரணியின் தங்கை அழகாகச் சொன்னார். யாரை விசாரிப்பது, அம்மா? நான் விசாரித்தேன். மூன்றாவது ஆளோடு பாதை முடிந்துவிட்டது.

எங்களுக்கு ஓர் இடுப்பெலும்போடு போயிற்று. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர், வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த மாதங்களில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு காணொளியில், இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் தெருவில் நின்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற காட்சியை யாரோ வெட்டியிருந்தார்கள். யார்? அதற்கும் ஆள் இல்லை.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-ல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. கடிவாளம் தேவை என்று செய்தவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, எதிரணி எதை வாதாடுகிறது?

இந்த நிறுவனங்களுக்குப் பெரும் வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. நாம் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம். 2009-ல் ஃபேஸ்புக் 'லைக்' பொத்தானை வைத்தது. எதற்கு மக்கள் அதிகம் கை வைக்கிறார்களோ அது மேலே ஏறி வருகிறது. நிதானமாகச் சொன்ன உண்மைக்குக் கை வைப்பவர் குறைவு. பதறிக்கொண்டு சொல்லும் பொய்க்கு எத்தனை கை! பிள்ளைகள் இதில் படும் பாட்டை எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் சொல்வார். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குக் கீழ் கணக்கே கூடாது என்று சட்டம் நடத்துகிறது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

எதிரணி சொன்ன இரண்டை மனதார ஏற்கிறேன். அதே 2015 வெள்ளத்தில், சென்னையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, "கடலூரை மறக்காதீர்கள்" என்று எழுதி எழுதி, நிவாரண லாரிகளை நம் பக்கம் திருப்பியவர்கள் சமூக ஊடகத்தில் இருந்த இளைஞர்கள்தான். அந்த லாரியில் வந்த போர்வை ஒன்று இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் எப்படிச் செய்தார்கள்? சொந்தப் பெயரையும் கைப்பேசி எண்ணையும் போட்டு, இந்தத் தெருவுக்கு இத்தனை பால் பவுடர் வேண்டும் என்று எழுதினார்கள்.

இன்னொன்று, 2012-ல் ஒரு ட்வீட்டுக்காகக் கைதான புதுச்சேரிக்காரர். அந்தக் கைதுக்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எளியவனின் குரல் என்று எதிரணி அவரைக் கொண்டாடியது. நானும் கொண்டாடுகிறேன். அவர் ஒளியவில்லை. எழுதியது நான் என்று நின்றார், வழக்கைச் சந்தித்தார். அண்ணன் காட்டிய நல்ல உதாரணங்கள் மூன்றிலும் சொன்னவர் யார் என்று தெரிகிறது, ஐயா. அந்த மூன்றையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மாமியார் இன்று கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். வீட்டில் யாராவது கைப்பேசியைப் பார்த்து, "அங்கே இப்படி ஆகிவிட்டதாம்" என்று சொன்னால், இருந்த இடத்திலிருந்தே கேட்பார்: "யார் சொன்னது?" பத்து ஆண்டுகளாகக் கேட்கிறார். என்னால் ஒரு தடவைகூடப் பெயர் சொல்ல முடிந்ததில்லை. எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் அவருக்குப் பதில் சொல்லட்டும் என்று கேட்டு, அமர்கிறேன். நன்றி, வணக்கம்.